செயல்விளக்கத் திடலில் ஜெயிக்குது... பக்கத்து புஞ்சைக்கு ஏன் போகல? மானாவாரி தொழில்நுட்பங்கள் பரவாததன் காரணம் என்ன?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 946 மில்லிமீட்டர். அந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

அதே மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு விவசாயிகளைக் கேட்டால் 2016-ஐ மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில், அப்போது இருந்த 32 மாவட்டங்களுமே வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

ஏழு வருஷ இடைவெளியில் ஒரே மண்ணில் இரண்டு கோலம். ஒரு வருஷம் விதை முளைக்கவே ஈரமில்லை. இன்னொரு வருஷம் முளைத்தது எல்லாம் வெள்ளத்தில் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மானாவாரி விவசாயி வருஷா வருஷம் கடன் வாங்கி விதைக்கிறார்.

இதைச் சமாளிக்கத் தொழில்நுட்பம் இல்லையா? இருக்கு. அதுவும் நிறையவே இருக்கு. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. அப்புறம் ஏன் அந்த ஆராய்ச்சிகள் எல்லா வயலுக்கும் போய்ச் சேரவில்லை? போய்ச் சேர்ந்த இடங்களில் என்ன செய்தார்கள்? பார்க்கலாம்.

மானாவாரின்னா என்ன? எவ்வளவு நிலம்?

ஆறு, கால்வாய், கிணறு, போர்வெல் என எந்தப் பாசனமும் இல்லாமல், வானத்தை மட்டும் நம்பி நடக்கும் விவசாயம்தான் மானாவாரி. இந்தியாவில் சாகுபடி நடக்கும் நிலப்பரப்பு சுமார் 14 கோடி ஹெக்டேர். இதில் கிட்டத்தட்ட பாதி மானாவாரிதான். நாட்டின் உணவு உற்பத்தியில் சுமார் 40 சதவீதம் இங்கிருந்து வருவதாக மத்திய அரசின் ஆவணங்களே சொல்கின்றன.

நம் தட்டில் இருக்கும் துவரம் பருப்பு, உளுந்து, கம்பு, சோளம், கடலை, எள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி மானாவாரி மண்ணில் விளைந்ததுதான். நெல்லுக்கும் கோதுமைக்கும் அணைகளும் கால்வாய்களும் கிடைத்தன. பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் கிடைத்தது மழை மட்டும்தான்.

பிரச்சினை மழை குறைவதா?

அது மட்டும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கு மேல் வரும். ஒரு நல்ல மழைக்கே இவ்வளவு. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில், ஒரு ஏக்கரில் சுமார் 24 லட்சம் லிட்டர் விழுகிறது.

கம்புக்கோ சோளத்துக்கோ இது போதாத தண்ணீர் இல்லை. ஆனால் இந்த 24 லட்சம் லிட்டரும் பயிர் கேட்கும்போது வராது. நாலைந்து பெருமழையில் மொத்தமாகக் கொட்டி, ஓடைக்கு ஓடிப்போகும். நடுவில் 20 நாள், 25 நாள் வானம் கைவிரிக்கும். பூ பிடிக்கும் நேரத்தில் இந்த இடைவெளி வந்தால் அந்த வருஷ விளைச்சல் அவ்வளவுதான்.

ஆக, மானாவாரித் தொழில்நுட்பங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே பிடித்து, அந்த 20 நாள் இடைவெளியைத் தாண்ட வைப்பது.

கையில் என்னென்ன தொழில்நுட்பங்கள் இருக்கு?

1. கோடை உழவு: சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஊரில் சொல்வதன் அறிவியல் இதுதான். சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டால், கோடை மழை மேலோடு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். களையும், மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் சாகும்.

2. முன்பருவ விதைப்பு: மழை வந்த பிறகு விதைக்காமல், பருவமழை தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. கரிசல் மண்ணுக்கு இது ரொம்ப முக்கியம். மழை பெய்துவிட்டால் கரிசல் களியாகி டிராக்டர் இறங்காது. மண் காய்ந்து விதைக்கும் பதத்துக்கு வருவதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகிவிடும். முன்பே விதைத்திருந்தால், பெய்த மழையின் முதல் சொட்டே விதைக்குப் போகும்.

3. விதை கடினப்படுத்துதல்: விதையை ஒரு கரைசலில் குறிப்பிட்ட நேரம் ஊற வைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் காய வைத்து விதைப்பது. சோளத்துக்கு 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. லிட்டருக்கு 20 கிராம், அவ்வளவுதான். இப்படிச் செய்த விதை குறைந்த ஈரத்திலும் சீக்கிரம் முளைத்து, வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

4. அகலப்பாத்தியும் சாலும்: நிலத்தை மேட்டுப்பாத்தியாகவும் பக்கத்தில் சாலாகவும் அமைப்பது. மழை குறைந்தால் சால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழை கூடினால் அதே சால் வடிகாலாகும். ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், கரிசல் மண்ணுக்காகப் பல ஆண்டுகள் சோதித்த முறை இது.

5. பண்ணைக்குட்டை: ஓடிப்போகும் மழைநீரை வயலின் தாழ்வான மூலையில் தேக்கி, பயிர் வாடும்போது ஒரே ஒரு தண்ணீர் கொடுப்பது. உயிர்த்தண்ணீர் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

6. ஊடுபயிரும் வறட்சி தாங்கும் ரகங்களும்: பருத்தியில் உளுந்து போடுவது மாதிரி. ஒன்று போனாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

இந்த ஆறில் எதுவும் நேற்று கண்டுபிடித்தது இல்லை. எதற்கும் செயற்கைக்கோளும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?

ஏன் பரவல? காரணம் 1: தனியா வேலை செய்யாது

முன்பருவ விதைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கு. பருவமழைக்கு முன்னால் சும்மா 10 மில்லிமீட்டர் பெய்து விட்டுப்போனால் விதை பாதியில் முளைத்துக் கருகிவிடும். விதைக்காசு போச்சு.

அதைத் தவிர்க்க விதையை சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். அப்போதுதான் உருப்படியான மழை வந்தால் மட்டும் முளைக்கும். ஆனால் கையால் வீசி விதைத்தால் ஆழம் ஒரே மாதிரி வராது. டிராக்டரில் இழுக்கும் விதைப்புக் கருவி வேண்டும். அந்தக் கருவி ஊரில் ஒன்றிரண்டுதான் இருக்கும். விதைக்க வேண்டிய நாட்களோ பத்துப் பதினைந்துதான். அந்த நாட்களில் ஊரே அதைக் கேட்கும்.

இப்போது புரிகிறதா? "முன்பருவ விதைப்பு செய்யுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தால் தொழில்நுட்பம் பரவாது. விதை, கடினப்படுத்தும் மருந்து, கருவி, வாடகைப் பணம், மழை பற்றிய தகவல் என ஐந்தும் அதே வாரத்தில் வந்து சேர வேண்டும். ஒன்று தவறினாலும் மற்ற நாலும் வீண்.

செயல்விளக்கத் திடலில் இந்த ஐந்தையும் துறையே ஏற்பாடு செய்து தந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே ஜெயிக்கிறது. பக்கத்து வயலில் அந்த ஏற்பாடு இல்லை.

காரணம் 2: தோற்றால் யார் காசு?

ஆராய்ச்சியாளர் சராசரியைப் பார்க்கிறார். பத்து வருஷத்தில் ஏழு வருஷம் லாபம் என்றால் அது நல்ல தொழில்நுட்பம். விவசாயி பார்ப்பது மிச்சமிருக்கும் மூன்று வருஷத்தை. அந்த மூன்றில் முதல் வருஷம் இதுவாக இருந்தால், வட்டி கட்ட நகை இருக்காது, அடுத்த விதைப்புக்கு ஆளும் இருக்காது. குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குக் கிளம்பியிருக்கும்.

விவசாயி புதுசை ஏற்க மறுக்கிறார் என்று சொல்வது சுலபம். ஆனால் தென்மாவட்டக் கரிசலில் சோளமும் கம்பும் இருந்த இடத்தில் மக்காச்சோளம் வேகமாகப் பரவியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கோழித்தீவனத்துக்கு வாங்க ஆள் இருந்தது, அறுவடை முடிந்ததும் பணம் வந்தது. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அந்த மக்காச்சோளத்தைத் தின்றது தனிக்கதை. விஷயம் இதுதான்: லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் விவசாயி மாறத் தயங்குவதில்லை.

காப்பீடு இல்லையா என்று கேட்கலாம். 2016 முதல் பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உணவு தானியம், எண்ணெய்வித்துக்களுக்கு காரீப் பருவத்தில் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம் மட்டும்தான் விவசாயியின் பங்கு. ஆனால் வறட்சி இழப்பை ஒவ்வொரு வயலாகக் கணக்கிட மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கு. பக்கத்து ஊரில் ஒரு மழை கூடுதலாகப் பெய்து சராசரி தப்பித்துவிட்டால், உங்கள் வயல் கருகியிருந்தாலும் பணம் வராமல் போகலாம். மானாவாரியில் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பது சாதாரணம்.

காரணம் 3: நிலம் சின்னது, பேப்பர் வேற பேர்ல

பண்ணைக்குட்டை கணக்கைப் பார்ப்போம். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் பேப்பரில் 18 லட்சம் லிட்டர். கரைச்சரிவு, கசிவு, ஆவியாதல் போகப் பாதி மிஞ்சினால்கூட 9 லட்சம் லிட்டர். ஒன்பது ஏக்கருக்கு ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்கலாம். அருமையான விஷயம்தான்.

ஆனால் அந்தக் குட்டை பிடிக்கும் இடம் 900 சதுர மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதில் 22 சென்ட் குட்டைக்குப் போனால், எட்டில் ஒரு பங்கு நிலம் போகிறது. தோண்டிய மண்ணைக் கொட்டும் இடம் தனி.

பத்து ஏக்கர்காரருக்கு லாபமான தொழில்நுட்பம் இரண்டு ஏக்கர்காரருக்கு நஷ்டம் ஆகலாம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டாம். இதற்குத் தீர்வு சின்னக் குட்டை, அல்லது நாலைந்து பேர் சேர்ந்த பொதுக்குட்டை. ஆனால் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் தனி ஆள், தனிப் பட்டா என்ற அடிப்படையில்தான் வருகின்றன.

பட்டா என்றதும் அடுத்த சிக்கல். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவர்கள் நிறைய. பல இடங்களில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். பட்டா, சிட்டா இல்லாமல் மானியம் கிடைக்காது. அதோடு, அடுத்த வருஷம் இந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், பத்து வருஷம் பலன் தரும் வரப்பையும் குட்டையையும் ஏன் போடப் போகிறார்?

பெண்களின் நிலைமையும் இதேதான். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட கிராமங்களில் களையெடுப்பது முதல் விதை சேமிப்பது வரை செய்வது பெண்கள். நிலம் கணவர் அல்லது மாமனார் பெயரில். பயிற்சிக்கு அழைப்பு போவது பட்டாவில் பெயர் இருப்பவருக்கு.

காரணம் 4: வாங்க ஆள் வேணுமே

குதிரைவாலி, வரகு, சாமை எல்லாம் வறட்சி தாங்கும். 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐநா அறிவித்தது. எல்லாம் சரி. விளைந்ததை வாங்குவது யார்? உமி நீக்கும் இயந்திரம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கு? சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் விலையில் விவசாயிக்கு எவ்வளவு வருகிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் "பாரம்பரியப் பயிருக்குத் திரும்புங்கள்" என்று சொன்னால், அது அறிவுரை மட்டும்தான்.

பரவிய இடங்களில் என்ன செய்தாங்க?

எல்லா இடத்திலும் தோல்விதான் என்று நினைக்க வேண்டாம். பெரிய அளவில் பரவிய கதைகளும் இந்தியாவிலேயே இருக்கின்றன.

கர்நாடகா, பூசேதனா: 2009-ல் கர்நாடக அரசும் இக்ரிசாட்டும் சேர்ந்து தொடங்கிய திட்டம். மானாவாரிப் பயிர்களின் சராசரி விளைச்சலை 20 சதவீதம் உயர்த்துவது இலக்கு. ஆயிரக்கணக்கான மண் மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. பல வயல்களில் தண்ணீர் மட்டும் பற்றாக்குறை இல்லை. துத்தநாகம், போரான், கந்தகம் ஆகிய சத்துக்களும் இல்லை. இந்தச் சத்து இல்லாத மண்ணில், பெய்த மழையையே பயிரால் முழுசாகப் பயன்படுத்த முடியாது.

அங்கே செய்த புத்திசாலித்தனமான காரியம், ஒவ்வொரு விவசாயிக்கும் நீளமான ஒரு ரிப்போர்ட் கொடுக்காமல், தாலுகா அளவில் இந்தப் பயிருக்கு இவ்வளவு என்று எளிமையாகச் சொன்னது. அந்த உரத்தை விதைப்புக்கு முன்பே கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரைத்த சம்பர்க்க கேந்திரங்களில் மானிய விலையில் இருப்பு வைத்தார்கள். உள்ளூர் விவசாயிகளையே வழிகாட்டிகளாக நியமித்தார்கள். சில மாவட்டங்களில் தொடங்கியது, சில ஆண்டுகளில் 30 மாவட்டங்களுக்கும் போனது. பல பயிர்களில் 20 சதவீத இலக்கு தாண்டப்பட்டதாக இக்ரிசாட் பதிவு செய்திருக்கிறது.

ஆந்திரா, இயற்கை விவசாயம்: நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று அனந்தபுரம். வருஷத்துக்கு சுமார் 550 மில்லிமீட்டர்தான். காலம் காலமாகக் கடலை மட்டும் போட்டு, மழை பொய்த்தால் மொத்தமும் போகும் ஊர். ஆந்திர அரசின் ரைது சாதிகார சமஸ்தா அமைப்பு, பருவமழைக்கு முன்பே பல வகைப் பயிர்களின் விதைகளைக் களிமண், சாம்பல் பூசி உருண்டையாக்கி விதைக்கும் முறையை இங்கெல்லாம் கொண்டுபோனது. நிலம் வெயிலில் வெறுமனே கிடக்காமல் பச்சையாக இருப்பதுதான் நோக்கம்.

இதைப் பரப்பியது பெரும்பாலும் மகளிர் சுய உதவிக்குழுக்கள். ஏற்கெனவே இந்த முறையில் விவசாயம் செய்து காட்டியவர்தான் பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லித்தந்தார். "சார் சொன்னார்" என்பதைவிட "அந்த அக்கா வயலைப் பார்த்தேன்" என்பதற்கு மதிப்பு அதிகம். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு போர்ச்சுகலின் குல்பென்கியன் விருதும் பகிர்ந்து வழங்கப்பட்டது. எல்லாப் பயிரிலும் விளைச்சல் ஈடுகொடுக்குமா, கூலியாள் செலவு கட்டுப்படியாகுமா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பரப்பிய விதம் கவனிக்க வேண்டியது.

ஒடிசா, சிறுதானிய இயக்கம்: 2017-ல் 7 மாவட்டங்களில் தொடங்கியது. இங்கே தொடங்கிய இடமே வேறு. விதை, பயிற்சியோடு நிறுத்தாமல், விளைந்த கேழ்வரகை அரசே ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்தது. ரேஷனில் கொடுத்தது. சில மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு கேழ்வரகு லட்டு ஆக்கிக் கொடுத்தது. சந்தை உறுதியானதும் பயிர் தானாகத் திரும்பி வந்தது. 2017-18-ல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாயாக இருந்த கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26-ல் 4,886 ரூபாய். ஆனால் கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் இந்த எண் வெறும் எண்தான்.

மகாராஷ்டிரா, ஹிவாரே பஜார்: அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) மழை குறைவான கிராமம். ஊர்த் தலைவர் போபட்ராவ் பவார் தலைமையில் தடுப்பணை, வரப்பு, மரம் எல்லாம் செய்தார்கள். அதைவிட முக்கியம் அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பாசனத்துக்கு போர்வெல் கூடாது. கரும்பு, வாழை கூடாது. மழைக்காலம் முடிந்ததும் எவ்வளவு தண்ணீர் இருக்கு என்று ஊரே கணக்குப் பார்த்து, அதற்கு ஏற்ற பயிரை முடிவு செய்வார்கள். வீட்டுக்கு பட்ஜெட் போடுவது மாதிரி, ஊருக்குத் தண்ணீர் பட்ஜெட். பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நாலு கதையிலும் தொழில்நுட்பம் வேறு வேறு. பொதுவாக இருந்தது மூன்று விஷயம்: தேவையான பொருள் விதைப்புக்கு முன்பே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, சொல்லித்தந்தவர் பக்கத்து ஊர்க்காரர், கடைசியில் வாங்குவதற்கோ, பகிர்ந்துகொள்வதற்கோ ஓர் ஏற்பாடு இருந்தது.

பரவிட்டா போதுமா? அதுலயும் ஒரு சிக்கல்

தொழில்நுட்பம் பரவுவதே வெற்றி என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். அதற்கும் மகாராஷ்டிராவே சாட்சி.

2016-ல் அந்த மாநிலம் "கேட்டவருக்குப் பண்ணைக்குட்டை" என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குட்டைகள் வேகமாகப் பெருகின. ஆனால் பல இடங்களில் என்ன நடந்தது தெரியுமா? வசதி உள்ளவர்கள் குட்டைக்கு பிளாஸ்டிக் தாள் விரித்து, மழைநீருக்குப் பதிலாகக் கிணற்றிலிருந்தும் போர்வெல்லில் இருந்தும் தண்ணீரை இறைத்து நிரப்பிக்கொண்டார்கள். நிலத்தடியில் ஊருக்கே பொதுவாக இருந்த தண்ணீர், ஒருவர் தோட்டத்தில் வெயிலில் ஆவியாகும் குட்டையாக மாறியது. மழைநீரைச் சேமிக்க வந்த தொழில்நுட்பம், நிலத்தடி நீரை வேகமாக இழுக்கும் கருவியானது.

சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே ஆபத்து உண்டு. மிச்சமான தண்ணீரை மிச்சமாக விடாமல், இன்னும் இரண்டு ஏக்கருக்கு நீட்டித்தாலோ, அதிகத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு மாறினாலோ, மொத்தச் செலவு குறையாது. கூடவும் செய்யலாம்.

அதனால் "எத்தனை குட்டை வெட்டினோம்", "எத்தனை ஏக்கர் சொட்டுநீர்" என்று எண்ணுவது பாதிக் கணக்கு. மழையில்லாத வருஷத்தில் எத்தனை பேர் அறுவடை செய்தார்கள், கிணற்று மட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் மீதிக் கணக்கு.

தமிழ்நாட்டில் என்ன நடக்குது?

2016-17-ல் தமிழ்நாடு அரசு நீடித்த மானாவாரி வேளாண்மைக்கான இயக்கத்தைத் தொடங்கியது. 25 லட்சம் ஏக்கர், 1,000 தொகுப்புகள், ஒரு தொகுப்புக்கு 2,500 ஏக்கர் என்பது திட்டம். கோடை உழவு, இடுபொருள், தடுப்பணை, வாடகை இயந்திர மையம், மதிப்புக்கூட்டு இயந்திரம் என எல்லாவற்றையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுவருவதுதான் யோசனை. தனித்தனி வயலாகப் பார்க்காமல் தொகுப்பாகப் பார்த்தது சரியான திசை. மேலே சொன்ன முதல் காரணத்துக்கு அதுதான் பதில்.

ஆனால் ஒரு தொகுப்பு, திட்டக்காலம் முடிந்த பிறகும் ஓடுமா என்பதுதான் எல்லா மாநிலத்திலும் கேட்கப்படும் கேள்வி. விதைப்புக் கருவிக்கு பேரிங் போனால் மாற்றுவது யார்? வாடகைக் காசை வசூலிப்பது யார்? தடுப்பணையில் மண் மேடு தட்டினால் தூர்வாருவது யார்? இதற்கு ஒரு குழுவும், அந்தக் குழுவின் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணமும் இல்லையென்றால், மூணாவது வருஷம் கருவி துருப்பிடித்துக் கிடக்கும்.

சந்தைப் பக்கமும் சில முயற்சிகள் இருக்கின்றன. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கப்பட்டது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்மாவட்டக் கரிசலின் குதிரைவாலிக்கும் கம்புக்கும் இப்படி ஓர் உறுதியான வாசல் திறந்தால், வறட்சி தாங்கும் பயிருக்கு யாரும் விளம்பரம் செய்யத் தேவையிருக்காது.

வேலிக்கருவேலம் மண்டிய தரிசும், காட்டுப்பன்றியும், மயிலும், மானும் இன்னொரு பக்கம். ஊரில் ஒருவர் மட்டும் குதிரைவாலி போட்டால் பறவையெல்லாம் அந்த ஒரு வயலுக்கு வரும். ஐம்பது பேர் போட்டால் சேதம் பிரியும். தொழில்நுட்பம் கூட்டமாகப் பரவ வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

நீங்க மானாவாரி விவசாயியா? இந்த 5 கேள்வியைக் கேளுங்க

புதுசாக ஒரு முறையை யாராவது பரிந்துரைத்தால், அது அரசு அதிகாரியோ, தனியார் கம்பெனியோ, யூடியூப் சேனலோ, இதைக் கேட்டுப் பாருங்கள்.

1. மழை பொய்த்த வருஷத்தில் இது எப்படி இருந்தது? நல்ல வருஷத்து விளைச்சலை மட்டும் காட்டினால் நம்ப வேண்டாம்.

2. இதற்கு வேண்டிய விதை, கருவி, மருந்து எல்லாம் விதைக்கும் வாரத்தில் எங்கே கிடைக்கும்? உழவன் செயலியில் இடுபொருள் இருப்பு, வாடகை இயந்திரம் பற்றிய விவரங்களைப் பார்க்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம்.

3. என் நிலத்தின் அளவுக்கு இது பொருந்துமா? குட்டைக்கு எத்தனை சென்ட் போகும்?

4. விளைந்தால் யார் வாங்குவார்கள், எந்த விலைக்கு?

5. முழு நிலத்திலும் செய்ய வேண்டுமா, கால் ஏக்கரில் முதலில் பார்க்கலாமா? விதை கடினப்படுத்துதல், ஊடுபயிர் மாதிரியான முறைகளைக் கால் ஏக்கரிலேயே பார்த்துவிடலாம். தோற்றால் நஷ்டம் சின்னது. ஜெயித்தால் அடுத்த வருஷம் சொல்லிக்கொடுக்க நீங்களே ஆள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கரிசல் காட்டில் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்கும். விதை, கருவி, பணம் எல்லாம் தயாராக வேண்டியது அந்தப் பதினைந்து நாளுக்குள். மழை எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. விதைப்புக் கருவி எப்போது ஊருக்கு வரும் என்பதையாவது உறுதி செய்யலாம். 1901 முதல் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதைச் சுற்றியுள்ள புஞ்சைக்கும் நடுவில் தூரம் சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க வேண்டியது அடுத்த கண்டுபிடிப்பு அல்ல, ஏற்கெனவே கண்டுபிடித்தது.